வாய் பொறுக்காத மணி

ஒரு கைபேசிக்குள்ளே ஒரு சின்ன வீடு இருந்தது. ஒரு பதிப்பகம் தன் கதைகளுக்கென்றே கட்டிய செயலி அது. அதற்கு முன்னால் அந்தக் கதைகளெல்லாம் பெரிய சந்தைச் செயலி ஒன்றில், ஆயிரம் கதைகளுக்கு அடியில் மூச்சு முட்டிக் கிடந்தன. "போதும், படிக்கிறவங்க நேரா நம்ம வீட்டுக்கே வரட்டும்" என்று பதிப்பகம் சொல்லிவிட்டது.

வீடு கட்டினால் ஆயிற்றா? கூப்பிட ஆள் வேண்டாமா? ஒரு மணியை வைத்தார்கள். கதை வந்ததும் திரையில் ஒரு வரி காட்டி, 'டிங்' என்று குரல் கொடுப்பது அதன் வேலை.

கைபேசி செல்வநாயகியுடையது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் அந்த வீட்டில் ஒரு தொடர்கதை வரும். பஞ்சுக் கிடங்குக்குத் தீ வைத்தது யார் என்று நாற்பத்தோரு வாரமாகச் சொல்லாமல் இழுத்த கதை. கடைசி அத்தியாயம் என்பதால் அன்றைக்கு மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அது தீ வைத்தவரின் பெயரை மடியில் பொத்தி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது.

கம்பெனியில் கைபேசிகள் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில்தான் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் செல்வநாயகி எடுத்தாள். மணி கூப்பிட்டது: "கடைசி அத்தியாயம் வந்தாச்சு!"

அவள் பார்த்தாள். சிரித்தாள். திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மணிக்குப் பகீரென்றது. "திறக்கவே இல்லையே!"

"சிரிச்சாளே, பார்த்தியா?" என்றது அத்தியாயம்.

"சிரிச்சா? சிரிப்பை வெச்சு நான் என்ன பண்றது?"

பக்கத்தில் சந்தைச் செயலியின் மணி கனைத்தது. அது நாளைக்கு நாற்பது தடவை கத்துகிற மணி. "என்ன தம்பி, கூப்பிட்டும் ஆள் வரலையா? இப்படித்தான் ஆரம்பிக்கும். அப்புறம் ஒருநாள் விரலால ஒரு அழுத்து. வீடே இருக்காது. எத்தனை வீடு போனதை நான் பார்த்திருக்கேன்!"

அதற்குப் பிறகு மணிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தது. டீ வேளையில் மறுபடி கத்தியது: "தீ வைத்தவர் யார்? இன்னும் தெரியாதவர் நீங்கள் மட்டும்தான்!"

"இரு சாமி, வர்றேன்" என்று முணுமுணுத்துவிட்டு அவள் மறுபடி வைத்துவிட்டாள்.

"இருன்னுதானே சொன்னா? இரேன்" என்றது அத்தியாயம்.

"வராதவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

ஆறு மணிக்குக் கம்பெனி விட்டது. பெட்டியை நோக்கி அவள் வருவது தெரிந்தது. மணி தொண்டையைச் செருமியது. அத்தியாயம் எழுந்து ஓடிவந்து அதன் கையைப் பிடித்தது.

"அதை மட்டும் சொல்லிராதே. இத்தனை வாரம் பொத்தி வெச்சது அவளுக்காகத்தான்."

"வீடு போயிட்டா யாருக்கு வெச்சிருந்து என்ன? விடு!"

அவள் கைபேசியைக் கையில் எடுத்ததும் மணி கத்தியேவிட்டது: "தீ வைத்தது பெரியம்மாதான்! ஏன்? உள்ளே வந்து படியுங்கள்!"

செல்வநாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். "அட நாசமாப் போக" என்றாள் மெதுவாக.

"பார்த்துட்டா! உத்துப் பார்த்தா!" என்று மணி குதித்தது. அத்தியாயம் பிடித்திருந்த கையை விட்டுவிட்டது.

கம்பெனி பஸ்ஸில் ரஷ்மிதா இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒடிசாவிலிருந்து வந்தவள். நாலு வருசத்தில் தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துதான் தெரியாது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் செல்வநாயகி வாசிப்பாள், இவள் கேட்பாள். அதற்காகத்தான் செல்வநாயகி மத்தியானம் திறக்கவில்லை, டீ வேளையிலும் திறக்கவில்லை. மற்ற வெள்ளிக்கிழமைகளில் கூப்பிட்ட கையோடு தூங்கப் போய்விட்ட மணிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"அக்கா, யாரு தீ வெச்சது? சொல்லாதீங்க, சொல்லாதீங்க! படிங்க!"

"எனக்கென்ன தெரியும் புள்ள? இனிமேத்தான் படிக்கோணும்."

கைபேசிக்குள்ளே அந்த வீட்டுக் கதவு திறந்தது. செல்வநாயகி முதல் வரியிலிருந்து வாசித்தாள். அந்த இடம் வரவரக் குரலைத் தாழ்த்தினாள். பெயரைச் சொல்லும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ! பெரியம்மாவா!" ரஷ்மிதா அவள் தோளில் அடித்தாள். "நீங்க நினைச்சீங்களா அக்கா?"

"கனவுலகூட நினைக்கல."

தனக்கு வராமல் போன திடுக்கிடலை அந்த முகத்தில் அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் விரல் கைபேசியின் அமைப்புகளுக்குள் போய் மணியின் தொண்டையை அடைத்தது. மணி வாயைத் திறந்து திறந்து மூடியது.

"அதை ஏன்க்கா நிறுத்துறீங்க? புதுக்கதை வந்தா எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை வர்றது நமக்குத் தெரியாதா, புள்ள?"