அந்த நான்கு நொடிகள்

இருபத்திரண்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர் அருளப்பன். ஒருவர்மீதும் வண்டியை ஏற்றியதில்லை. அந்தப் பெயருக்காகவே, தானாக ஓடும் கார்களைச் சோதித்துப் பார்க்கும் நிறுவனம் ஒன்று அவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. வேலை என்னவோ சும்மா உட்கார்ந்திருப்பதுதான். கார் தானே ஓடும். தன்னால் முடியாத இடத்தில் மணி அடிக்கும். அப்போது அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். பிடித்த மறுகணம் பிரேக் உட்பட எல்லாம் அவர் பொறுப்பு. யாரும் பிடிக்காவிட்டால், கார் வேகத்தைக் குறைத்து அதே தடத்தில் நின்றுவிடும்.

பயிற்சி கொடுத்த பொறியாளர் நிவேதிதா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: "மணி அடிச்சா ஒரு நொடிக்குள்ள கை போயிடணும்ண்ணே. மூணு நொடி தாண்டினா வேலைய விட்டே எடுத்துடுவாங்க. கம்பெனி விதி."

ஒரு மத்தியானம், கிருஷ்ணகிரி சாலை. இரண்டு மணி நேரமாகக் கைகள் மடியில் கிடந்தன. கண் திறந்துதான் இருந்தது. மனம் எங்கோ போயிருந்தது.

மணி அடித்தது. கைகள் பாய்ந்து பிடித்தன. எதிரே, சாலை நடுவிலிருந்த அரளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் லாரி நின்றது. சட்டென்று இடப்பக்கம் ஒடித்தார். அங்கே, வரும் வண்டிகளை எச்சரிக்கச் சிவப்புக் கொடியோடு நின்றிருந்தாள் லாரியோடு வந்த மாதம்மாள். மணி அடித்த ஐந்தாவது நொடியில் கார் மோதி அவள் உயிர் போயிற்று.

அருளப்பன் பிடிக்காமல் விட்டிருந்தால், லாரிக்குப் பத்தடி முன்னால் கார் தானே நின்றிருக்கும் என்று விசாரணையில் தெரிந்தது.

அவரைக் காப்பாற்ற நினைத்து நிவேதிதா சொன்னார்: "ஒரே நொடியில் பிடித்துவிட்டார். அவர்மீது தவறே இல்லை."

நிறுவனத்தின் வக்கீல் அதையே பற்றிக்கொண்டார். "அப்படியானால், மீதி நான்கு நொடியும் கார் அவர் கையில்தானே இருந்தது?"

அருளப்பனைக் கேட்டார்கள். "கை போயிடுச்சுங்க. எது என்னன்னு புரியறதுக்குள்ள..."

கடைசியாக மாதம்மாளின் கணவன் முனிராஜ் எழுந்தான். "நான் லாரி மேல இருந்தேங்க. 'தள்ளிக்க'ன்னு கத்தினேன். 'டிரைவரு இந்தப் பக்கந்தான் பார்த்துட்டு இருக்காரு'ன்னா. நம்பி நின்னா."



கதை கேட்டவர்களே, அந்த நான்கு நொடிகள் கார் யார் கையில் இருந்தது? அந்தச் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பிடித்த அருளப்பனா, பிடிக்கப் பழக்கிய நிவேதிதாவா, விதி எழுதிய நிறுவனமா?

விடை: ஸ்டியரிங் அருளப்பன் கையில் இருந்தது, கார் யார் கையிலும் இல்லை. இயந்திரம் விலகிவிட்டது, மனிதர் இன்னும் வந்து சேரவில்லை. கை வந்ததா என்று மட்டும் பார்த்து, மனம் வந்ததா என்று பாராமல் விதி எழுதிய நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். கை வந்தாலும் மனம் வர நேரமாகும் என்று தெரிந்தும் பழக்கியிருந்தால் நிவேதிதாவுக்கும் பங்குண்டு. இதை அருளப்பனிடமும் சொன்னார்கள். அவர் ஏற்கவில்லை. இப்போதெல்லாம் பேருந்தில் போனால், உட்கார இடமிருந்தாலும் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றபடி சாலையையே பார்த்துக்கொண்டு போகிறார்.