புல் தின்ற புலி

கருமலைக் காட்டில் சடைச்சி என்றொரு பெண் கரடி இருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். கரடித் தாய்மார் குட்டிகளை முதுகில்தான் சுமப்பார்கள். முதுகு மயிரை இறுகப் பிடித்துக்கொண்டு குட்டிகள் ராஜா மாதிரி சவாரி போகும்.

கோடை வந்தால் அடிவாரத்துக் குட்டை வற்றிவிடும். அதற்குள் வழுக்குப்பாறையில் ஏறி, மலை உச்சியில் இருக்கும் சுனைக்குப் போய்விட வேண்டும். அந்தச் சுனை மட்டும் எந்தக் கோடையிலும் வற்றாது. முன்பு ஒரே ஒரு குட்டியைச் சுமந்து ஏறியதற்கே சடைச்சிக்கு நாக்கு தள்ளிவிட்டது. இப்போதோ இரண்டு! இரண்டும் கொழுக்மொழுக்கென்று பலாக்காய் கணக்காய் இருந்தன.

“இதுகளை எப்படித் தூக்கிக்கிட்டு ஏறப்போறேனோ!” என்று அவள் வாய்விட்டுப் புலம்பினாள். அந்தப் புலம்பல் போயும் போயும் ஊளையன் என்ற நரியின் காதில் விழுந்தது.

ஊளையனுக்கு வேறொரு கவலை. செந்நாய்கள் கூட்டமாய் வந்து மான் அடிக்கும். அவனால் கிட்டே போக முடியாது. அவற்றை விரட்ட ஒரு பெரிய உடம்பு வேண்டுமே என்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தான்.

“அக்கா! பலம் வேணும்னா கறி தின்னணும். வெறும் கறி!” என்றான்.

“பழம் வேண்டாமா தம்பி?”

“பழமா! புலியைப் பாரு. பழம் தின்னுதா? கரையான் உறிஞ்சுதா? ‘புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது’ன்னு சும்மாவா சொன்னாங்க? அதான் அந்தப் பலம்!”

“நமக்கு அது ஒத்துக்குமா?”

“ஒத்துக்காம? மான் கிடக்கிற இடத்தை நான் காட்டுறேன். செந்நாய்களை நீ விரட்டு. ஆளுக்குப் பாதி!”

பிள்ளைகளுக்காக என்றால் தாய் எதையும் விழுங்குவாள். பொய்யைக்கூட விழுங்குவாள். சடைச்சியும் விழுங்கினாள்.

அன்றிலிருந்து காலையும் கறி, மாலையும் கறி. அத்தி மரத்தடியில் பழம் கொட்டிக் கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கொன்றைக்காய் வேண்டாம், இலுப்பைப் பூ வேண்டாம், தேனடை வேண்டாம். “அதெல்லாம் குரங்குக்கு!” என்றாள்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. செந்நாய்கள் அவளைக் கண்டாலே வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின. சடைச்சிக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வாரம் வயிறு இறுகியது. நாலு நாளாக வெளிக்குப் போக முடியவில்லை. புதர் மறைவில் உட்கார்ந்து முக்கினாள், முனகினாள், வருவோர் போவோரையெல்லாம் முறைத்தாள். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சிறுநீர் சுருக்கென்று எரிந்தது. ஒருநாள் காலையில் எழுந்தால், பின்னங்கால் கட்டைவிரல் மூட்டு செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது! ஓர் எறும்பு ஊர்ந்தாலும் உயிர் போனது.

“பலம் ஏறும்போது அப்படித்தான் வலிக்கும் அக்கா! இன்னும் ரெண்டு தொடை தின்னு, சரியாப்போயிடும்!” என்றான் ஊளையன். அதையும் தின்றாள், பாவம்.

குட்டை வற்றி நடுவில் ஒரு வட்டம் மட்டும் தண்ணீர் நின்றது. இனித் தாமதிக்க முடியாது.

“ஏறுங்கடா செல்லங்களா!” என்று சடைச்சி குனிந்தாள். குட்டிகள் முதுகில் தொற்றிக்கொண்டன. பாறையில் கால் வைத்தாளோ இல்லையோ, மூட்டில் நெருப்பு வைத்தது போல் ஒரு வலி! மடங்கி விழுந்தாள். குட்டிகள் இரண்டும் உருண்டு போயின.

“அம்மா, நாங்க நடந்தே வரட்டுமா?” என்றது சின்னது.

நடப்பதாவது! வழுக்குப்பாறையில் அந்தப் பிஞ்சுக் கால்கள் நாலடி நிற்காது. அப்படியே இங்கே இருந்துவிட்டாலோ, தண்ணீர் இல்லாமல் கண்முன்னே துவண்டு சாகும். சடைச்சி பாறையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் தாகம் தாங்காமல் நொண்டி நொண்டிக் குட்டைக்குப் போனாள். கரையில் ஒரு பெண்புலி நின்றிருந்தது. அது செய்த காரியத்தைப் பார்த்த சடைச்சி தன் வலியையே மறந்துவிட்டாள். புலி புல் தின்றுகொண்டிருந்தது! பசு மாதிரி, தலையைச் சாய்த்து, கறக் கறக்கென்று!

“புலியம்மா! நீங்களா புல்லு தின்னுறீங்க?”

“ஏன், தின்னா என்ன?”

“புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாதுன்னு...”

“அதை யாருடி சொன்னது? புலி சொல்லுச்சா?”

 தானும் மிருகம்தானே, ஒருநாளாவது புலியையே கேட்டிருக்கலாமே என்று சடைச்சிக்கு இப்போதுதான் தோன்றியது. பிறகு நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். புலி வீங்கிய காலைப் பார்த்தது.

“அடி அசடே! என் வயிறு கறிக்குன்னே அமைஞ்ச வயிறு. நானே நாலு நாளைக்கு ஒருதரம்தான் தின்னுறேன். தின்ன மானோட மயிர் வயித்துல சேர்ந்தா, அது வெளியேறப் புல்லையும் மெல்லுறேன். நீ தினமும் ரெண்டு வேளையா தின்னே? எங்கே, வாயைத் திற! மேல முன்பல்லு ரெண்டு இருக்கா?”

சடைச்சி நாக்கால் துழாவினாள். “இல்லையே!”

“எதுக்கு இல்லை? கரையான் உறிஞ்ச! கடவாய்ப் பல்லு ஏன் தட்டையா இருக்கு? பழம் அரைக்க! இந்த வாயை வெச்சுக்கிட்டு என்கூடப் போட்டியா? உனக்குப் புத்தி சொன்ன ஊளையன் சாயங்காலமானா ஈச்சம்புதர்ல நுழைஞ்சு பழத்தை வெளுத்துக்கட்டுறான். நீ பார்த்ததே இல்லையா?”

வேறொரு கரடியாக இருந்தால் ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். சடைச்சியோ நாக்கால் இன்னொரு தரம் துழாவிப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது.

“என் வாயில இருக்கிற ஓட்டையை நானே இத்தனை காலம் பார்க்கலையே!”

அங்கேதான் அவளை மெச்ச வேண்டும். தப்பு என்று தெரிந்ததா, அந்த நொடியிலேயே விட்டாள். வீம்புக்காக ஒரு வாய்கூட அதிகம் தின்னவில்லை.

புலி போனதும் ஊளையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “அக்கா, சீக்கிரம் வா! புது மான்!”

“நீ போ தம்பி. எனக்கு அத்திப்பழம் காத்திருக்கு.”

“ஐயோ, அப்போ செந்நாயை யார் விரட்டுறது?”

“இத்தனை நாள் கறி தின்னியே, அந்தப் பலத்துல நீயே விரட்டு!”

ஊளையன் வந்த வழியே திரும்பினான். ஆனால் கால் வீக்கம் ஒரே நாளில் வடியுமா? குட்டையில் இருந்ததோ இரண்டு நாள் தண்ணீர். சடைச்சி அதற்கும் வழி கண்டாள். காய்ந்த ஓடை மணலில் உட்கார்ந்தபடியே நீண்ட நகங்களால் தோண்டினாள். உச்சிவெயில் வரை தோண்டினாள். மார்பளவு ஆழத்தில் மணல் ஈரமானது. சொட்டுச் சொட்டாய் ஊற்று சுரந்தது! அவள் குடித்தாள், குட்டிகள் குடித்தன. மான்களும் வந்து குடித்தன. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த ஊளையனைக்கூட அவள் விரட்டவில்லை. இந்த மனசு எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்!

பத்து நாள் பழைய சாப்பாடு. அத்தி, பாலைப்பழம், கொன்றைக்காய், ஒரு புற்றுக் கரையான், கொஞ்சம் தேன், வயிறு நிறையத் தண்ணீர். வழியில் கறி கிடைத்தால் ஒரு வாய், அதோடு சரி. வயிறு இளகியது. எரிச்சல் நின்றது. வீக்கம் வடிந்தது.

பதினோராம் நாள் ஊற்றும் வற்றத் தொடங்கியது. சடைச்சி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வழுக்குப்பாறைக்கு வந்தாள். கீழே காடே கூடி நின்று பார்த்தது.

ஒரு காலை ஊன்றினாள். தாங்கியது! அடுத்த காலை வைத்தாள். பாதிப் பாறையில் நகம் சறுக்கியது. இரண்டடி கீழே வழுக்கினாள். ஊளையன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அம்மா, நாங்க கனமா இருக்கோமா?”

“கனமா? பூ மாதிரி இருக்கீங்கடா! கெட்டியாப் பிடிச்சுக்கோங்க!”

நகத்தைப் பாறை இடுக்கில் செருகினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் உந்து உந்தினாள். அடுத்த இடுக்கு. அதற்கடுத்த இடுக்கு. கடைசியில் அந்தக் கறுத்த முதுகும் அதன்மேல் இரண்டு குட்டித் தலைகளும் உச்சிக்கு மேலே தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் சுனையில் குட்டிகள் தொபுக்கென்று குதிக்கும் சத்தம் கேட்டது. கீழே நின்ற காடே ஆரவாரம் செய்தது.

பலம் வருமென்று ஒரே உணவை அளவில்லாமல் தின்றால் உள்ள பலமும் போகும். தன் உடம்புக்கு ஏற்றதைப் பலவிதமாய், அளவாய்த் தின்பவரே பாரம் சுமந்து மலை ஏறுவார்.