இசக்கியம்மாள் வைத்த பெயர்

டெலிபோன் கம்பி வேலையை ரெஜினாளிடம் கற்றுக்கொண்டிருந்தார் சிதம்பரநாதன். குருவுக்கு முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்திரண்டு. பில் கவுண்டரிலிருந்து மாற்றிவிட்டிருந்தார்கள். மனுஷருக்கு அதில் கூச்சமே கிடையாது.

வந்த வாரமே ஒரு நல்ல காரியம் செய்தார். எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருந்த ஸ்டுடியோக்காரர், கல்யாணப் படங்களை அனுப்ப நெட் வேகம் பத்தவில்லை என்றார். இவர் அந்த இணைப்பின் சிக்னலைக் கூட்டிவைத்தார். ஸ்டுடியோக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு மூன்றாம் நாள் ரெஜினாள் அவரை ஊர்க்கோடிக்கு அழைத்துப் போனாள். இசக்கியம்மாள் வீடு. அவளுக்கும் சூரத்தில் வேலை பார்க்கும் கணவனுக்கும் காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கைகளால்தான் பேசிக்கொள்வார்கள்.

மடியில் இருபது நாள் குழந்தை. அவர்கள் பெயர் வைப்பதும் கையால்தான். இசக்கியம்மாள் தன் மோவாய்க் குழியைத் தொட்டு விரல்களை விரித்தாள். அதுதான் மகள் பெயர். திரையில் கணவன் உதட்டைப் பிதுக்கினான். அவன் பக்கத்துத் திரையில் அவள் கை பாதியிலேயே உறைந்து நின்றுபோகிறது. மூன்று நாளாக இதே பாடு.

சிதம்பரநாதனுக்குத் தாங்கவில்லை.

"இந்தக் கம்பியில என்ன கோளாறு மேடம்?"

"கம்பி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இதுவும் ஸ்டுடியோ கம்பியும் ஒரே கேபிள்ல ஒட்டிக்கிட்டு வருது. இவ சிக்னல் மூணு கிலோமீட்டர் தாண்டி எக்ஸ்சேஞ்சுக்கு வர்றப்ப ஓய்ஞ்சுபோகுது. அந்த இடத்துல அவரோடது ஓங்கி வந்து இதை அமுக்கிருது."

"இதையும் கூட்டிருவோமே."

"கூட்டியாச்சு. இதுக்கு மேல ஏறாது."



"ஸ்டுடியோக்காரரு ஒரு தப்பும் பண்ணலையே மேடம்."

"பண்ணல. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துல இருக்கார், அவ்வளவுதான்."

ரெஜினாள் தன் லேப்டாப்பைத் திறந்து, ஸ்டுடியோ இணைப்பைப் பழைய அளவுக்குக் குறைத்தாள்.

இசக்கியம்மாள் மறுபடி மோவாயைத் தொட்டு விரித்தாள். கணவன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். மெல்லத் தன் மோவாயைத் தொட்டான். விரல்களை விரித்தான். பிறகு அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தான். அவள் முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். சிதம்பரநாதனும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்ததும் அவருக்கு வேறு கவலை.

"ஏன் குறைச்சீங்கன்னு ஸ்டுடியோக்காரர் கேட்பாரே. டீ வேற வாங்கிக் குடிச்சிருக்கேன். என்ன சொல்ல?"

ரெஜினாள் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள்.

"நீங்க மெதுவாப் பேசினாலே எங்களுக்குக் கேக்குதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி."