வலது தோளுக்குரிய இடம்

“குருவே, இந்தப் படிப்பே பொய்யாக இருக்குமோ?”

ஹான் போ தன் ஊசிப் பெட்டியை ஷென்னின் முன்னால் வைத்தான்.

அந்த ஆற்றங்கரை ஊரில் ஊசி வைத்தியம் பார்த்துவந்தவர் ஷென் அம்மையார். சீடனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஹான் போ படகு கட்டும் தச்சன். ஐம்பது வயதுக்கு மேல் அவன் இந்தப் படிப்புக்கு வந்ததற்கு ஒரே காரணம், மனைவி யூலானின் வலது கை. ஐந்து வருடமாக அது தோள் உயரத்துக்கு எழவில்லை. எலும்பில் குறையில்லை, சதையிலும் குறையில்லை.

“கல்லீரலின் வாசல் கண். சிறுநீரகத்தின் வாசல் காது. துக்கம் குடியிருப்பது நுரையீரலில். எல்லாம் மனப்பாடம்,” என்றான். “வலது தோள் வலித்தால் இடது காலில் ஊசி போடு என்றீர்கள். போட்டேன். காதில் போட்டேன். உள்ளங்கையில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.”

“வலி எப்போது வந்தது?”

“எங்கள் பையன் ஆற்றோடு போன அன்று.”

“அந்தக் கையில் அவள் எதைப் பிடித்திருந்தாள்?”

“பையனை.”

ஷென் எழுந்தார். “வாருங்கள், உங்கள் வீட்டுக்குப் போவோம்.”

யூலான் இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழப்போனவளை ஷென் கையமர்த்தினார். ஹான் போவை அவளுக்கு எதிரே உட்காரச் சொன்னார்.

“சட்டைக் கையைச் சுருட்டுங்கள்.”

“வலி அவளுக்கு, குருவே.”

“வலிக்கிற இடம் ஒன்று, ஊசி போடுகிற இடம் வேறு. இப்போதுதானே சொன்னீர்கள்?”

அவன் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நுரையீரலுக்குரிய இடத்தில் ஊசி இறங்கியது. எறும்புக் கடி அளவுகூட இல்லை. ஆனால் அவனுக்கு மூச்சு முட்டியது.

ஷென் ஊசியை மெல்லத் திருகினார்.

ஹான் போ மனைவியின் முகத்தைப் பார்த்தான். ‘பிடித்த பிள்ளையை விட்டுவிட்டாள்’ என்று ஊர் பேசியபோதும் அவன் அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதற்காக எல்லோரும் அவனை மெச்சினார்கள். அந்த நாளைப் பற்றியே அவன் வாய் திறந்ததில்லை.

“வெள்ளம் வரும் என்று படகுக்காரன் அன்று காலையிலேயே என்னிடம் சொன்னான்,” என்றான். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. “நான் அக்கரைப் பட்டறையில் இருந்தேன், பசித்தது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சாப்பாடு எடுத்து வா என்று ஆள் அனுப்பினேன். வெள்ளத்தைப் பற்றிச் சொல்லி அனுப்பவில்லை.”

யூலானின் மடியிலிருந்து கீரை சரிந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“தெரியும்.”

“தெரியுமா?”

“என்னைக் கரையில் இழுத்துப் போட்ட படகுக்காரன் அன்றே சொல்லிவிட்டான்.”

“பிறகு ஏன் நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை?”

யூலான் முதல்முறையாகத் தன் வலது கையைக் குனிந்து பார்த்தாள்.

“ஊரே இந்தக் கையைத்தான் பழித்தது,” என்றாள். “நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்.”