அழைப்பு மணியின் கட்டம்

பெர்னதெத்திடம் பாடம் கற்கப் போனபோது வைத்தியலிங்கத்துக்கு வயது அறுபத்தொன்று. பெர்னதெத்துக்கு முப்பத்திரண்டு. எட்டு மாதக் கர்ப்பம்.

திருச்சியில் இக்பால் நடத்தும் நாடகக் குழுவில் அவள்தான் ஆறு வருடமாகச் சத்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டுவது, குக்கர் விசில், இடி, கன்னத்தில் விழும் அறை, எல்லாம் அவள் விரலிலிருந்துதான் வரும். இனி வெளியூர்ப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தஞ்சாவூரில் புது நாடகம் அரங்கேற மூன்று வாரம்தான் இருந்தது. வேறு ஆள் கிடைக்காவிட்டால் தேதியை விட்டுவிட வேண்டியதுதான், அந்த மண்டபம் மறுபடி அடுத்த வருடம்தான் கிடைக்கும் என்றார் இக்பால்.

வைத்தியலிங்கம் கையைத் தூக்கினார்.

அவர் குழுவைச் சேர்ந்தவர் இல்லை. மூத்த நடிகை கோமதியின் கணவர். பத்தொன்பது வருடமாக மனைவியை ஸ்கூட்டரில் ஒத்திகைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருந்தவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளே வந்து உட்கார ஒரு காரணம் கிடைக்காதா என்று எத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. கோமதிகூட அவரை ஆச்சரியமாகத்தான் பார்த்தாள்.

முதல் நாள் பெர்னதெத் மேசைமேல் ஒரு பெட்டியை வைத்தாள். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். மேலே பதினாறு ரப்பர் கட்டங்கள். அதிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்குப் போனது. மிடி கன்ட்ரோலர் என்று பெயர் சொன்னாள். ஒரு கட்டத்தைத் தட்டினாள், இடி இடித்தது. பக்கத்துக் கட்டத்தைத் தட்டினாள், சைக்கிள் மணி அடித்தது.

வைத்தியலிங்கம் பெட்டியைத் தூக்கிக் காதருகில் வைத்துப் பார்த்தார்.

“இதுக்குள்ள சத்தம் கிடையாது சார். எந்தக் கட்டம், எவ்வளவு அழுத்தம், அதை மட்டும் லேப்டாப்புக்குச் சொல்லும். சத்தம் எல்லாம் அங்கதான் இருக்கு.”

“அப்ப இது சுவிட்சு.”

“சுவிட்சுதான்.”

அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. அன்று முதல் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். வேண்டாம் சார் என்று அவள் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

பெட்டியின் ஓரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அதே பதினாறு கட்டங்களும் வேறு பதினாறு சத்தங்களாக மாறிவிடும். ஆக மொத்தம் முப்பத்திரண்டு. வைத்தியலிங்கம் ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் எழுதிய சீட்டு ஒட்டினார், மேல் வரியில் ஒரு சத்தம், கீழ் வரியில் ஒரு சத்தம். ஒரு கட்டத்தில் மேலே அழைப்பு மணி, கீழே தெருநாய். பிறகு ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு ஒரு ஒத்திகை முழுக்க உட்கார்ந்து, எந்த நிமிடம் எந்த நொடியில் என்ன சத்தம் என்று அட்டவணை போட்டார். நான்கு பக்கம். கோடு போட்டு, சிவப்பு மசியில்.

மறுநாள் அட்டவணைப்படி தட்டினார். ஆள் வாசலுக்கு வருவதற்கு முன்பே அழைப்பு மணி அடித்தது. மகன் அறை வாங்கிக் கன்னத்தைத் தடவிக்கொண்டு போன பிறகு அறை விழுந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும் இடத்தில் குக்கர் மூன்று விசில் விட்டது. நடிகர்கள் வசனம் பேச முடியாமல் சிரித்தார்கள். இக்பால் மட்டும் சிரிக்கவில்லை. சென்னையிலிருந்து யாரையாவது வரவழைக்கலாமா என்று கேட்டார். ஒரு வாரம் பொறுங்கள் என்றாள் பெர்னதெத்.

வைத்தியலிங்கம் அட்டவணையை மடித்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

“டீச்சர், எப்ப தட்டணும்னு எப்படித் தெரியும்?”

நாளைக்கு அட்டவணையைக் கொண்டுவராதீர்கள் என்றாள்.

மறுநாள் ஒத்திகை தொடங்கியதும் அவர் முதல் கட்டத்தைத் தட்டினார். சத்தம் வரவில்லை. இன்னும் அழுத்தித் தட்டினார். வரவில்லை. லேப்டாப்பைப் பார்க்கத் திரும்பினார். பெர்னதெத் சத்தத்தை அணைத்துவிட்டு அதன்மேல் தன் துப்பட்டாவைப் போட்டு மூடியிருந்தாள். நிறுத்தாதீர்கள், தட்டிக்கொண்டே போங்கள் என்று சைகை காட்டினாள்.

வேறு வழியில்லை. அவர் மேடையைப் பார்த்தார். ஒருவர் வாசலுக்கு வந்து மணியை அழுத்தக் கையை நீட்டினார். வைத்தியலிங்கத்தின் விரல் தானாக இறங்கியது. அதே நேரத்தில் உள்ளே கோமதி தலையைத் திருப்பினாள். அவருக்கு ஒரு மாதிரி சிலிர்த்தது. அதற்கப்புறம் அவர் பெட்டியைக் குனிந்து பார்க்கவே இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் சத்தமில்லாமல் தட்டினார். கோமதி எங்கே மூச்சு வாங்குகிறாள், அப்பாவாக நடிப்பவர் கையை ஓங்குமுன் எப்படித் தோளை இறக்குகிறார் என்பதெல்லாம் அன்றுதான் அவர் கண்ணில் பட்டது.

முடிந்ததும் குறைப்பட்டுக்கொண்டே வந்தார்.

“ஒரு சத்தமும் வரலையே டீச்சர்.”

“எத்தனை சரியா விழுந்துச்சு?”

“நாலு தப்பு. மீதி எல்லாம் சரி.”

“சத்தமே வரலைன்னீங்க?”

வைத்தியலிங்கம் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

தஞ்சாவூரில் மண்டபம் நிறைந்திருந்தது. பெர்னதெத் திருச்சியில், தாய் வீட்டில் இருந்தாள். நாடகம் ஒரு பெண் பார்க்கும் வீட்டுக் கதை. கோமதி பெண்ணின் அம்மா. முதல் அரை மணி நேரம் ஒரு பிசகும் இல்லை. இடையில் தெருநாய் குரைக்கும் காட்சி ஒன்று வந்தது. வைத்தியலிங்கம் ஓரப் பொத்தானை அழுத்தி, நாயைத் தட்டினார். பொத்தானைத் திரும்ப அழுத்த மறந்துபோனார்.

அடுத்தது மாப்பிள்ளை வீட்டார் வரும் காட்சி. மேடையில் எல்லோரும் பதற்றமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அழைப்பு மணி அடிக்க வேண்டும். வைத்தியலிங்கம் சரியான நொடியில், சரியான கட்டத்தைத் தட்டினார். நாய் குரைத்தது.

கோமதி துள்ளி விழுந்தாள். கையிலிருந்த வெற்றிலைத் தட்டு ஆடியது. ஒரு கணம் மேடையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோமதி மெல்லத் தட்டைக் கீழே வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். மேடைக் கணவரைப் பார்த்துச் சொன்னாள்.

“எழுந்திருங்க. குரலைக் கேட்டா சம்பந்தியம்மா மாதிரி இருக்கு.”

அந்தச் சமயம் பார்த்துச் சம்பந்தியம்மா உள்ளே நுழைந்தார். மண்டபம் வெடித்தது. சிரிப்பு அடங்க ஒரு நிமிடத்துக்கு மேலானது. கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்று சிரித்தார்.

திரை விழுந்ததும் வைத்தியலிங்கம் இக்பாலிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். இக்பால் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இனி மணியே வேண்டாம், நாய்தான் என்றார். கோமதி அன்று திருச்சி வந்து இறங்கி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாடகத்தைப் பற்றி இருவரும் சேர்ந்து பேசிக்கொண்டு வந்தது அதுதான் முதல் தடவை.

வைத்தியலிங்கம் பெட்டியில் அழைப்பு மணி இருந்த கட்டத்தில் நாயை ஏற்றினார். சீட்டையும் மாற்றி ஒட்டினார். கோமதி அந்த வசனத்தைக் கண்ணாடி முன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

அடுத்த காட்சி புதுக்கோட்டையில். அங்கும் கூட்டம் நன்றாகவே இருந்தது. நேரம் வந்ததும் வைத்தியலிங்கம் தட்டினார். நாய் குரைத்தது. கோமதி துள்ளினாள். தட்டு ஆடியது. வசனத்தைச் சொன்னாள், போன தடவையைவிடத் தெளிவாக. முன் வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பின்னால் யாரோ இருமினார். நாடகம் மேலே போய்விட்டது.

கரூரிலும் அப்படியே ஆனது. நாயின் சத்தத்தை மாற்றிப் பார்த்தார், கனமான குரல் உள்ள நாய். இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டிப் பார்த்தார். கோமதி வசனத்துக்கு முன்னால் ஒரு பெருமூச்சு சேர்த்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிடும்போதுகூட இதைப் பற்றியே பேசினார்கள்.

பெர்னதெத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பதினைந்து நாள் கழித்து வைத்தியலிங்கம் ஆப்பிளும் குழந்தைக்கு ஒரு கவுனும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். குழந்தை அவள் மடியில் விழித்துக்கொண்டிருந்தது. சுகம் விசாரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, வந்த விஷயத்துக்கு வந்தார். மூன்று ஊர்க் காட்சிகளும் வீடியோவாக அவர் போனில் இருந்தன. அந்த இடத்தை மட்டும் வரிசையாகப் போட்டுக் காட்டினார்.

பெர்னதெத் தஞ்சாவூரைப் பார்த்துவிட்டுக் குழந்தை குலுங்கும்படி சிரித்தாள். புதுக்கோட்டையைப் பார்த்தாள். கரூரைப் பார்த்தாள். மறுபடி புதுக்கோட்டையைப் போடச் சொன்னாள்.

“நல்லாப் பாருங்க சார்.”

அவரும் குனிந்து பார்த்தார். கோமதி கண்ணை விரித்துவிட்டாள். துள்ளியும் விட்டாள். அதற்கப்புறம்தான், அரை நொடி கழித்து, நாய் குரைத்தது.

“நான் லேட்டா?”

“இல்ல. நீங்க சரியாத்தான் தட்டியிருக்கீங்க.”

“அப்ப கோமதி முந்திக்கிட்டா.”

“அவங்களும் நல்லாத்தான் நடிச்சிருக்காங்க.”

வைத்தியலிங்கம் போனை மடியில் வைத்துக்கொண்டார்.

“அதே நாய், அதே வசனம், அதே ஆளுங்க. தஞ்சாவூர்ல மட்டும் ஏன் டீச்சர் அப்படிச் சிரிச்சாங்க?”

பெர்னதெத் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

“அன்னிக்கு நெஜமாவே நாய் குரைச்சுது சார்.”