நாசில்கடைத் தவசியப்பர் கேட்ட வாக்கு

காலை நாலரைக்கு எழுவார் தவசியப்பர். அடுப்பில் பால் வைப்பார். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதிவரை தண்ணீர் பிடித்து மனைவியின் கட்டிலருகே வைப்பார். மாராயி அம்மையாருக்கு ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான் தண்ணீர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரம் இருமுறை சேலத்துக்குச் சென்று ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்த உடம்பு அது. பிறகு மாத்திரைகளை எடுத்து வைப்பார். குளிப்பார். திருநீறு பூசுவார். இரண்டு ஸ்பானர், ஒரு பழந்துணி, ஒரு டப்பா கிரீஸ் ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுப்பார்.

ஒன்றரை மைல் தள்ளி, சங்ககிரிச் சாலையில் லாரிப் பட்டறைகள் முடியும் இடத்தில் ஓங்காளியம்மன் கோயில். கோயிலுக்குக் கிணறு உண்டு. மின்சார இணைப்பு இல்லை. பழைய ஆயில் என்ஜின் ஒன்றுதான் தண்ணீர் இறைக்கும். அதைத் துடைத்து, டீசல் ஊற்றி, ஓட்டித் தொட்டியை நிரப்பிக் கொடுப்பது தவசியப்பர் தாமாக ஏற்றுக்கொண்ட தொண்டு. மழையோ காய்ச்சலோ, பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் அதை அவர் விட்டதில்லை.

பிறகு பட்டறை. அவருக்குப் பிழைப்பு லாரி என்ஜின்களுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைச் சரிசெய்யும் வேலை. நாசில் உட்காரும் குழிக்கு அடியில் ஒரு செப்பு வாஷர் இருக்கும். மோதிரத்தைவிடச் சிறியது. அது சரியாகப் பதியாவிட்டால் சிலிண்டரின் அழுத்தம் அந்த வழியாகச் சுஸ்சுஸ்ஸென்று கசியும். சுற்றிலும் கரி பிடிக்கும். வண்டி மேடு ஏறாது. தவசியப்பர் குழியைச் சுரண்டித் துடைத்து, வாஷரைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுப்பார். இரும்புக்கு அப்படிச் செய்தால் இறுகும். செம்பு இளகும். இளகிய செம்புதான் இடைவெளி விடாமல் பதியும். அதன்மேல் நாசிலை வைத்து, இரண்டு பக்கத்து நட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்குவார். இடப்பக்கம் "ஓங்". வலப்பக்கம் "காளி". இரண்டும் சமமாக ஏற வேண்டும் என்பதற்கு அவர் வைத்திருந்த கணக்கு அது.

பக்கத்துப் பட்டறைக்காரர் செங்கோடன் அதைக் கேட்டுச் சிரிப்பார்.

"ஏனப்பா தவசி, ஆத்தா பேரச் சொன்னாத்தான் நட்டு ஏறுமா? நாங்க கெட்ட வார்த்த சொல்லித்தான் முறுக்கறோம். எங்களுக்கும் ஏறுதே!"

தவசியப்பர் அடுத்த நட்டுக்குப் போய்விடுவார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஆண்டுதோறும் கோயில் திருவிழாவில் அம்மன் முன் வேப்பிலை கட்டிய கம்பம் நடுவார்கள். பதினைந்து நாளும் விடியலில் பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றிக் கம்பத்தைக் குளிர்விப்பார்கள். கடைசி நாள் மாராயி அம்மையார்மேல் அருள் வரும். அப்போது வீட்டில் இருக்கும் மாராயி அல்ல அவர். கணவரை "நீங்க" என்றல்லாமல் அழைத்தறியாத அந்த வாய், தர்மகர்த்தா முதல் லாரி முதலாளி வரை எல்லாரையும் "வாடா" என்று கூப்பிட்டு வாக்குச் சொல்லும். வரிசையில் தவசியப்பரும் நிற்பார். அவர் முறை வரும்போது ஆத்தா திருநீற்றை மட்டும் நெற்றியில் இடுவாள். ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவாள். பன்னிரண்டு ஆண்டும் அப்படியே நடந்தது.

"ஊட்ல வருசம் பூராப் பேசறது பத்தாதா, இங்க வேற பேசோணுமான்னு ஆத்தா உட்டுட்டா போல" என்பார் செங்கோடன். வரிசையே சிரிக்கும். தவசியப்பரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரே ஒருமுறை வீட்டில் அவர் கேட்டார். "எம்பேர்ல ஆத்தாளுக்குக் கோவமா புள்ள?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் எங்கீங்க அங்க இருந்தேன்?" என்றார் அம்மையார். பிறகு அவரே வருந்தி, அன்றைக்கு இரண்டாவது முறை தோசை சுட்டுக் கொடுத்தார்.

நோய் வந்து மூன்றாவது ஆண்டு. கம்பம் நட்ட ஏழாம் நாள், சேலத்தில் அம்மையாரின் கையில் ஊசி ஏறவில்லை. நரம்பு அடைத்துவிட்டது. கழுத்தில் முயன்றார்கள். அதுவும் ஆகவில்லை. இதயம் தாங்காது என்றும், வீட்டுக்குக் கூட்டிப்போய் வேண்டியதைக் கொடுங்கள் என்றும் டாக்டர் சொன்னார். திரும்பும் பேருந்தில் அம்மையார் அவர் தோளில் சாய்ந்து உறங்கினார். தவசியப்பர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வேண்டிக்கொண்டார். பிழைக்க வை என்று கேட்கத்தான் வாயெடுத்தார். அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. இந்த வாய் மூடுவதற்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, ஆத்தா.

வந்த வேண்டுதலைக் கண்டு அவர் வெட்கினார். சாகப் போகிறவளிடமும் எனக்கென்று கேட்கிறேனே என்று தொடையில் குத்திக்கொண்டார். ஆனால் வந்தது வந்ததுதான். அடியார்களாலும் மனத்தை மறைத்து வைக்க முடிவதில்லை.

அன்று மாலை கோயிலிலிருந்து ஆள் வந்தது. என்ஜினில் நாசில் அடியில் கசிகிறது என்றார்கள். தவசியப்பர் போனார். கண் எரிந்தது. நாசிலைக் கழற்றினார். புது வாஷரை வைத்தார். முறுக்கினார். ஓட்டிப் பார்த்தார், ஓடியது. வீட்டுக்கு வந்துவிட்டார்.

எட்டாம் நாள் விடியலில் அம்மையாருக்கு மூச்சு வாங்கியது. தவசியப்பர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஏனுங்க, போகுலீங்களா?"

"இன்னிக்கு ஒருநாள் வேற யாராச்சும் பாத்துக்குவாங்க."

"கம்பம் காயக் கூடாதுங்க. போய்ட்டு வாங்க. நான் எங்க போயிரப் போறேன்?"

அடுத்த வீட்டம்மாவை உட்கார வைத்துவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

கோயிலில் முப்பது பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். தவசியப்பர் என்ஜினைச் சுற்றினார். இரண்டு முறை வெடித்தது. நாசில் பக்கத்தில் கரும்புகை பீறிட்டது. நின்றுவிட்டது. மறுபடி சுற்றினார். மறுபடியும் அதேதான். நேற்று இரவெல்லாம் அனலாய் அடித்த காற்றில் கம்பத்து வேப்பிலை சுருண்டு கிடந்தது.

"பன்னண்டு வருசத்துல இப்படி ஆனதில்லியே. ஆத்தா காயறா பாருங்க" என்றாள் ஒருத்தி.

"ஊட்டுக்காரிக்கு முடியலீல்ல, சாமிக்கு என்ன கொறையோ" என்றாள் இன்னொருத்தி.

தவசியப்பர் நாசிலைக் கழற்றிக் குழிக்குள் பார்த்தார். பார்த்ததும் கை நின்றது. கரி மூடிய பழைய வாஷர் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கரியின் நிறத்தில் அது இரும்போடு இரும்பாகத் தெரியும். நேற்று அதை எடுக்காமலே அதன்மேல் புதியதை வைத்துவிட்டார். நாசில் வேலை பழகுபவர் முதல் வாரத்தில் செய்யும் பிழை அது. என்ஜின் பழசு என்று சொல்லியிருக்கலாம். வாஷர் மட்டம் என்று சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது, செங்கோடனைத் தவிர.

"என்னப்பா ஆச்சு?" என்றார் தர்மகர்த்தா.

"பழைய வாஷரு உள்ளயே இருந்திருக்குதுங்க. பாக்காம அதும்மேல புதுசப் போட்டுட்டேன். தப்பு என்னுதுங்க."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். "ஆத்தாளுக்குச் செய்யற வேலையக் கண்ண மூடிட்டுச் செஞ்சா, ஆத்தா எப்படிப்பா வாயத் தொறப்பா?" என்றார் தர்மகர்த்தா. அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தவசியப்பர் தலையைக் குனிந்துகொண்டார். ஆத்தா பேசாத எல்லா ஆண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டதுபோல் அவருக்குத் தோன்றியது.

செங்கோடன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என் வண்டிக்கு இப்படிப் போட்டிருந்தீன்னா செருப்பாலயே அடிச்சிருப்பேன்" என்றார். பிறகு மண்டிபோட்டு உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தைக் குழிக்குள் பிடித்தார். "ம், எடு. நான் அசைக்க மாட்டேன்."

கொக்கிக் கம்பியை விட்டுப் பழைய வாஷரை எடுக்க முக்கால் மணி நேரமானது. இருமுறை கம்பி வழுக்கி விரலைக் கிழித்தது. குழியைச் சுரண்டினார், துடைத்தார், விரலை விட்டுத் தடவினார், மறுபடி துடைத்தார். கிரீஸ் தொட்டுப் புது வாஷரை வைத்தார். இந்த முறை அவர் "ஓங்", "காளி" என்று சொல்லவில்லை. சொல்லத் தமக்குத் தகுதியில்லை என்று எண்ணினார். கைக்கணக்கிலேயே முறுக்கினார்.

என்ஜின் பிடித்தது. தண்ணீர் விழுந்தது. பெண்கள் குலவையிட்டபடி குடத்தை நீட்டினார்கள். கம்பத்தில் மஞ்சள் நீர் இறங்கி மண்ணில் ஓடியது. தவசியப்பர் அதை நின்று பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. "ரெண்டு மணி நேரமாக் கண்ணத் தொறக்கலீங்க. பேச்சே இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டம்மா எழுந்தார். தவசியப்பர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். விரலில் ரத்தம் காய்ந்திருந்தது. நேற்று மதியத்துக்குப் பிறகு அவர் எதுவும் உண்ணவில்லை. அது அவருக்கு நினைவிலும் இல்லை. என்ஜின் நின்றதையோ ஓடியதையோ அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் வேண்டிக்கொள்ளவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

சற்று நேரத்தில் அம்மையார் கண் திறந்தார். அவரை நேராகப் பார்த்தார். பேசினார். அப்புறம் கண்ணை மூடியவர் உச்சிவேளைக்கு முன் அடங்கிவிட்டார்.

தீட்டு என்பதால் கம்பத்தின் மிச்ச நாட்களில் செங்கோடன் என்ஜினை ஓட்டினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தவசியப்பர் கிணற்றடிக்குப் போனார். இன்றும் போகிறார்.

அந்த அறையில் குரல் முழங்கியது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். வேப்பிலை வாசம் தெருமுனைவரை வந்தது என்கிறார்கள் சிலர். தவசியப்பரிடம் கேட்டால் மறுத்துத் தலையாட்டுவார். "அப்படியெல்லாம் இல்லீங்க. மெதுவாத்தான் சொன்னது. நாங் குனிஞ்சுதான் கேட்டேன்" என்பார்.

செய்த பிழையை மறைக்காமலும் செய்த தொண்டைச் சொல்லிக் காட்டாமலும் வாழ்ந்த இந்த எளியவரின் பெருமையைச் சொல்ல நமக்கு வார்த்தை போதாது. சொல்லத் தகுந்தவள் சொல்லியிருக்கிறாள். அன்று அந்த வாயிலிருந்து கடைசியாக வந்தது இவ்வளவுதான்:

"தண்ணி வந்துருச்சுடா. குளுந்துட்டேன். நீ போய்ச் சாப்புடு."