தேனீக்களை நாங்கள் மரியாதையாக அனுப்பிவைத்த கதை

எங்கள் ஊர் அரைக்குளத்தில் புத்திசாலிகள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவர்கூடக் கல்யாண மண்டபக் கமிட்டியில் சேர வரவில்லை. அதனால் நான் தலைவர், பிச்சுமணி செயலாளர், கோமதிநாயகம் பொருளாளர் என்று ஆகிவிட்டது.

புது மண்டபத்தில் முதல் கல்யாணம் பிச்சுமணியின் மகளுக்கு. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். திங்கட்கிழமை காலையில் மேடையைக் கூட்டப் போனால், மேலே மரப்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் 'கொர்ர்' என்று சத்தம். மின்விசிறி ஓடுகிறது என்று கோமதிநாயகம் சுவிட்சை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. போட்டுவிட்டு மறுபடி அணைத்தார். நான்காவது தடவைதான் நாங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தோம். தேனீ! கொத்துக் கொத்தாகத் தேனீ.

பிச்சுமணி மண்ணெண்ணெய் எடுக்க ஓடினார். நல்லவேளை, வழியில் என் மனைவி ராணி பார்த்துவிட்டாள்.

"மண்டபத்தையும் சேத்துக் கொளுத்தவா? தேனீ வளக்காருல்லா ஜெபமணி அண்ணன், அவருக்குப் போன் போடுங்க" என்று நம்பரும் கொடுத்தாள்.

ஜெபமணி நிதானமான மனுஷர். "நாளைக்கழிச்சு வாரேன். நான் வாரது வரைக்கும் நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்" என்றார்.

நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. மூன்று பேரும் மண்டபத்து வாசலில் அப்படியே நின்றோம். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்து, எங்கள் காலடிக்கு வந்தது.

"குழாயை அடைக்கட்டுமா அண்ணாச்சி?" என்றார் கோமதிநாயகம்.

"அடைக்கது ஒரு காரியம் இல்லியாவே? ஒண்ணும் செய்யாண்டாம்னுல்லா சொன்னாரு."

"அப்ப நிக்கது?"

இதை நாங்கள் யோசிக்கவில்லை. நிற்பதும் செய்வதுதானா என்று அரைமணி நேரம் விவாதித்தோம். கடைசியில் உட்கார்ந்தோம், தண்ணீரில். ராணி வந்துதான் குழாயை அடைத்தாள்.

மறுநாள் ஜெபமணியே கூப்பிட்டார். "யாரும் கூட்டுப் பக்கம் போயிராதீங்க. இருபதடி தள்ளியே நில்லுங்க."

இருபதடி என்றால் சரியாக இருபதடி இருக்க வேண்டாமா? பிச்சுமணி டேப்பு கொண்டுவந்தார். ஒரு முனையை அவர் வாசல் பக்கம் பிடித்துக்கொண்டார். மறுமுனையைக் கூட்டில் வைத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். தலைவர் என்ற முறையில் நான் ஏணியில் ஏறினேன்.

"கூட்டைத் தொட்டுட்டீரா?" என்றார் பிச்சுமணி.

"தொட்டுட்டேன்."

"பதினெட்டரைதான் வருது. இன்னும் கொஞ்சம் உள்ள அழுத்தும்."

அழுத்தினேன்.

தேனீ துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும் என்றும் ஜெபமணி சொல்லியிருந்தார். துண்டால் முகத்தை நன்றாக, துளி வெளிச்சம் வராமல் மூடிக்கொண்டு ஓடினேன். மண்டபத்தில் எட்டுத் தூண்கள். எட்டும் உறுதியாகக் கட்டப்பட்டவை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ராணி என் முகத்திலிருந்து பதினோரு கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தாள். பிச்சுமணி பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். எனக்காக இல்லை. "மாப்பிள்ளை வீட்டார் வந்து நிக்கும்போது இப்படி ஆச்சுன்னா என் பிள்ளை வாழ்க்கை என்ன ஆகும் அண்ணாச்சி?" என்று தேம்பினார். எனக்கும் அழுகை வந்தது. கண் வீங்கியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மறுபடி ஜெபமணிக்குப் போன் போட்டோம். அவர் சொன்னார்: "பயப்படாதீங்க. எல்லாம் ராணி இருக்க தைரியத்துலதான் அங்க இருக்கு. ராணிய அலுங்காமப் பெட்டிக்குள்ள வச்சிட்டா, மத்ததெல்லாம் தானா பின்னால வந்துரும். பெட்டி நான் கொண்டு வாரேன்."

போனை வைத்தேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மதினியவா சொல்லுதாரு?" என்றார் கோமதிநாயகம் மெதுவாக.

"ஊர்ல வேற ராணி யாரு இருக்கா?" என்றார் பிச்சுமணி.

"மதினிக்கும் தேனீக்கும் என்னவே சம்பந்தம்?"

"நேத்து மண்டபத்துக்கு வந்தாங்கல்லா? ஒரு தேனீ கொட்டிச்சா? அண்ணாச்சியத்தானே கொட்டிச்சு!"

மறுக்க முடியவில்லை. நான் உள்ளே போய் ராணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"பெட்டிக்குள்ள காத்து வருமான்னு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். "வரும், ஓட்டை போட்டிருக்கு" என்றார் ஜெபமணி.

"சாப்பாடு என்னன்னு கேளுங்க."

கேட்டேன். "கொஞ்சம் சீனித்தண்ணி வச்சாப் போதும்."

ராணி முருங்கைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "கேக்காமலே கிடைக்குதா? அப்ப நான் போறேன். இந்த வீட்டுக்கு அது எவ்வளவோ தேவலை."

ஒத்துக்கொண்டாளே என்று எங்களுக்கு நிம்மதி.

புதன்கிழமை ஜெபமணி வந்தார். பெட்டி ஒரு முழ நீளம்தான் இருந்தது. "மதினிக்குக் கால் கொள்ளாதே" என்று கோமதிநாயகம் கவலைப்பட்டார். ஜெபமணி அதைக் காதில் வாங்காமல், வலையை முகத்தில் மாட்டிக்கொண்டு ஏறினார். பலகையைக் கழற்றினார். லேசாகப் புகை காட்டி, தேனடைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பெட்டிக்குள் கட்டினார். ஒரு கொட்டு வாங்கவில்லை. நடுவில் நீளமான ஒரு தேனீயைக் காட்டி, "இந்தா, இதுதான் ராணி" என்றார்.

என் ராணி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன்.

பொழுது சாய்ந்ததும் தேனீக்கள் எல்லாம் பெட்டியில் அடைந்தன. கிளம்பும்போது ஜெபமணி சொன்னார்: "வாசனை பிடிச்சு வேற கூட்டம் வரும். உள்ள வார வழி எல்லாத்தையும் அடைச்சிருங்க. ஒரு விரல் நுழையுத இடம் இருந்தாலும் விடாதீங்க."

கட்டடத்துக்கு வாங்கிய செங்கலும் சிமெண்டும் மிச்சம் கிடந்தன. மூவரும் கொல்லறுக் கரண்டி பிடித்து வேலையில் இறங்கினோம். பலகை இடுக்கைப் பூசினோம். ஜன்னல்களில் விரலை விட்டுப் பார்த்தோம். தாராளமாக நுழைந்தது. ஜன்னல்களை அடைத்தோம். வெள்ளிக்கிழமை விடியும்போது வாசல் மட்டும் மீதி இருந்தது.

"வாசல்ல விரல் நுழையுமாவே?" என்றேன்.

"விரலா? மாப்பிள்ளை வீட்டாரே நுழைவாங்க" என்றார் பிச்சுமணி.

"அப்ப அடைச்சிர வேண்டியதுதான்."

கடைசிக் கல்லை வைத்துப் பூசி முடித்து, கைகழுவத் தண்ணீர் தேடியபோதுதான் நாங்கள் உள்ளே இருக்கிறோம் என்று தெரிந்தது.

வெளியே மேளம் கேட்டது. பிறகு மேளம் நின்றது. பிறகு ராணியின் குரல் கேட்டது. அவள் சொன்னதை எழுத முடியாது. தெருவிலேயே பந்தல் போட்டு மணவறையைச் சுவரோரம் வைத்தார்கள். முகூர்த்தம் நெருங்கியது. தாரை வார்க்கப் பெண்ணின் அப்பா வேண்டும். கொத்தனார் கடப்பாரையால் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"உடைக்காதீங்க! தேனீ வந்துரும்!" என்று பிச்சுமணி உள்ளிருந்து அலறினார்.

சுவரின் இரண்டு பக்கமும் நின்று வெகுநேரம் பேசினோம். கடைசியில் ஒரு கை போகும் அளவுக்கு ஓட்டை போடச் சம்மதித்தோம். பிச்சுமணி கையை வெளியே நீட்டி, ராணி கொடுத்த தண்ணீர்ச் செம்பை வாங்கி, முகம் தெரியாத மாப்பிள்ளையின் கையில் தண்ணீர் வார்த்தார். கெட்டிமேளம் முழங்கியது. எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிச்சுமணி கையை உள்ளே இழுத்ததும், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் நாங்கள் ஓட்டையைப் பூசிவிட்டோம்.